உள்ளது, இல்லாதது

அன்பு மகன்,

இந்தக் கடிதத்தை நீ விமானத்தில் ஏறிய பிறகு வாசிக்க வேண்டும் என்றுதான் தொடங்கினேன். உனக்குத் தெரியாமல் உன் கோட்டுப் பைக்குள் வைத்துவிட நினைத்தேன். கடலுக்கு மேலே எங்கேயோ போகும்போது நீ அதை எடுத்து, இது யாருடைய எழுத்து என்று முழிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையில் எழுதிய முதல் மூன்று பக்கங்களையும் கிழித்துவிட்டேன். இது வேறு கடிதம். இதை நீ இங்கேயே, கொட்டாஞ்சேனையில், நம் சாப்பாட்டு மேசையில் இருந்து, செவ்வாய்க்கிழமை காலையிலேயே வாசித்து முடிக்க வேண்டும். உன் ஏழாம் நம்பர் பக்டீரியாவைப் பற்றியது. அதை நம்பித்தான் நீ சனிக்கிழமை பயணம் போகிறாய். அது பிழையாக இருக்கலாம். பிழை என்றால், அந்தப் பிழை என்னுடையது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. உன் அப்பாவுக்குப் போன வருடம் வரை எழுதவும் வாசிக்கவும் தெரியாது. காலையில் பேப்பரை விரித்து வைத்திருந்தேனே, அதில் படம் மட்டும்தான் பார்த்தேன். செய்தியெல்லாம் அதற்கு முன்பே ரேடியோவில் கேட்டுவிடுவேன், அதனால் நீ எதைக் கேட்டாலும் பதில் இருந்தது. வீட்டுப்பாடத்தோடு நீ வந்தால் கண்ணாடியைக் காணவில்லை என்பேன். அந்தக் கண்ணாடியே அதற்காக வாங்கியதுதான், மகன். என் கண்ணுக்கு அப்போது ஒரு குறையும் இல்லை. கையெழுத்து உன் அம்மா பழக்கியது. ஒரு படத்தைப் பார்த்துக் கீறுவதுபோல் கீறுவேன். அவளுக்கு மட்டும் எல்லாம் தெரியும். கலியாணம் முடித்த கிழமையே கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து கடிதமோ மருந்துச் சீட்டோ பில்லோ எது வந்தாலும் எனக்கு முன்னால் அவள் கை நீளும். நான் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்பது நீண்ட கதை. அதற்கு இப்போது நேரம் இல்லை.

நீ எட்டாம் வகுப்பில் ஒரு கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினாய். கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு எதிரில் நின்றாய். ஒருவன் அவ்வளவையும் வாசிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று மனதுக்குள் கணக்குப் பார்த்து, அவ்வளவு நேரம் தாளைப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு என்றேன். உன் முகம் விழுந்தது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. போன மாதம் அலுமாரியில் அந்தக் கட்டுரைக் கொப்பியைத் தேடி எடுத்து, ஒரு பகல் முழுக்க இருந்து வாசித்தேன். "எங்கள் வீட்டில் அதிகம் வாசிப்பவர் என் அப்பா. ஆனால் வாசித்ததில் பாதியை அவர் ரேடியோவிடம் களவெடுக்கிறார் என்று சந்தேகிக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். நான் சிரிப்பேன் என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய். தாமதமாகத்தான், ஆனால் சிரித்தேன். உன் அம்மா குசினியில் இருந்து வந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன்.

இனி ஆய்வுகூடத்துக்கு வருகிறேன். முப்பத்தொரு வருடம் அங்கே குடுவை கழுவினேன், நீராவிப் பானையில் போத்தல்களை வேகவைத்தேன், கரைசல்களை அளந்து ஊற்றினேன். எழுத்துத் தெரியாதவன் இதையெல்லாம் எப்படிச் செய்தான் என்று நீ கேட்பாய். மணம், நிறம், மூடி, அலுமாரியில் எந்தத் தட்டு, எத்தனையாவது. மறந்துபோகும் என்று பயந்தால் ஒரு கறுப்பு நூலை எடுத்துப் போத்தல் கழுத்தில் கட்டிவிடுவேன். பேராசிரியர்கள் மாறினார்கள், என் நூலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஒரு போத்தல்கூட மாறியதில்லை என்று எனக்குப் பெரிய பெருமை இருந்தது. பிறகு நீ அதே ஆய்வுகூடத்துக்கு ஆராய்ச்சி மாணவனாக வந்தாய். மற்றவர்கள் அங்கிள் என்று கூப்பிட, நீ மட்டும் எல்லாருக்கும் கேட்கும்படி அப்பா என்று கூப்பிட்டாய்.

உன் ஆராய்ச்சி என்னவென்று நீ இந்த மேசையில் வைத்து எனக்கு விளங்கப்படுத்தியது அப்படியே ஞாபகம் இருக்கிறது. காற்றில் பெரும் பங்கு நைதரசன். ஆனால் அது மரத்துக்கும் நமக்கும் நேரே உதவாத மாதிரி இறுகிப்போய் இருக்கிறது. மண்ணில் வாழும் சில பக்டீரியாவுக்குத்தான் அதை உடைத்து அமோனியாவாக்கத் தெரியும். மகா கஷ்டமான வேலை; தின்ற சீனியில் பெரும்பகுதி அதற்கே எரிந்துபோகும். அதனால் பக்கத்தில் அமோனியா சும்மா கிடைத்தால் அது அந்த வேலையைத் தொடாது. கண்ணும் இல்லை, மூளையும் இல்லை, அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நீ உப்புப் போத்தலையும் தேயிலைப் பேணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாய். ஒரு ஜீன், வேலையைத் தொடக்கி வைக்கிற ஆளைச் செய்கிறது. அதற்குப் பக்கத்து ஜீன், அந்த ஆளின் கையைப் பிடித்து வைக்கிற இன்னோர் ஆளைச் செய்கிறது. மூன்றாவது ஒருவன் உள்ளே நைதரசன் போதுமா போதாதா என்று பார்த்துக்கொண்டே இருப்பான். போதும் என்று அவன் சொன்னால் கை பிடிபடும். போதாது என்றால் விடுபடும். நீ தேடியது, கையைப் பிடிக்க ஆளில்லாத ஒன்றை. அமோனியா குவிந்து கிடந்தாலும் நிறுத்தாமல் இன்னும் இன்னும் செய்யும் ஒன்றை. உரம் வராமல் கமக்காரர்கள் தலையில் கை வைத்திருந்த காலம் அது. இது கிடைச்சா பயிருக்குப் பக்கத்திலேயே ஒரு உரத் தொழிற்சாலை அப்பா என்றாய். அன்று நான் இரண்டு பிடி சோறு கூடச் சாப்பிட்டேன்.

அந்தக் கை பிடிக்கிற ஜீனை ஒவ்வோர் இடத்தில் கொஞ்சம் மாற்றிப் பன்னிரண்டு வகை செய்தாய். ஒன்று முதல் பன்னிரண்டு வரை நம்பர் போட்டாய். வளர்ப்பதற்கு இரண்டு பெரிய போத்தல் கரைசல். ஒன்றில் அமோனியா இருக்கிறது, மற்றதில் இல்லை. இரண்டும் தண்ணீர் மாதிரி, மணமும் இல்லை. அந்த இரண்டையும் நீ ஒவ்வொரு கையில் தூக்கிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாய். உன் வலது கையை உயர்த்தி இது உள்ளது என்றாய். இடது கையை உயர்த்தி இது இல்லாதது என்றாய். பிறகு, "இங்கிலிஷ்ல எழுதாம உங்களுக்காகத்தான் தமிழ்ல எழுதியிருக்கேன் அப்பா, பாருங்க" என்று திருப்பிக் காட்டினாய். அழியாத மையில் எழுதியிருந்தாய். நான் பார்த்தேன். தலையாட்டினேன். முழு ஆய்வுகூடத்திலும் எனக்காகத் தமிழில் எழுதப்பட்ட இரண்டே இரண்டு போத்தல், அவற்றை என்னால் வாசிக்க முடியவில்லை.

அதற்குள் நீராவிப் பானை விசிலடித்தது. நீ போத்தல்களை மேசையில் வைத்துவிட்டுப் போனாய். நான் பானையை இறக்கிவிட்டு வந்து, உள்ளது வலது பக்கம் என்று ஞாபகப்படுத்திக்கொண்டு, வலது பக்கத்துப் போத்தலுக்கு நூலைக் கட்டினேன். என் வலது பக்கம். நீ என் எதிரில் நின்றதை நான் யோசிக்கவில்லை.

கொஞ்ச நாளில் உனக்கு டெங்கு வந்தது. மற்றப் பதினொரு வகைக்கும் நீயே உன் கையால் குடுவைகளை நிரப்பி முடித்திருந்தாய். ஏழாம் நம்பருக்கு இல்லாததை ஊற்றியாகிவிட்டது, உள்ளது மட்டும் பாக்கி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து போன் எடுத்து, ஏழாம் நம்பரைச் சாகவிட வேண்டாம், உள்ளதில் எட்டுக் குடுவை ஊற்றி அதைப் போட்டுவிடுங்கள் என்றாய். உன் குரல் ஈனமாக இருந்தது. நான் நூல் கட்டிய போத்தலை எடுத்து எட்டுக் குடுவையிலும் அளந்து ஊற்றினேன். ஒரு துளி சிந்தாமல் ஊற்றினேன்.

நீ எழும்பி வந்து சோதித்த நாளில் நானும் பக்கத்தில் நின்றேன். குடுவை வாயை இறப்பரால் அடைத்து, ஊசியால் ஒரு வாயுவை ஏற்றி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப எடுத்து மெஷினுக்குக் கொடுத்தாய். பக்டீரியா வேலை செய்தால் திரையில் கோடு மலையாக எழும்பும். மற்றப் பதினொன்றும் அமோனியாவில் கோடு தரையோடு கிடந்தது. ஏழு மட்டும் எழும்பியது. எட்டுக் குடுவையும் எழும்பியது. புதிதாகக் கரைசல் கரைத்துப் பார்க்க இரசாயன மருந்து இல்லை, கப்பலில் ஒன்றும் இறங்காத வருடம், அதனால் அந்த எட்டுக் குடுவையையே மும்மூன்று தரம் சோதித்தாய். உன் பேராசிரியர் மேடம் ஓடி வந்தார். நீ என்னைக் கட்டிப்பிடித்தாய். அந்தக் கோட்டை வைத்துத்தான் மேடம் வெளிநாட்டுக்கு எழுதினார், அதை வைத்துத்தான் அவர்கள் உன்னைக் கூப்பிட்டார்கள்.

நான் ஓய்வு எடுத்த பிறகு உன் அம்மாவின் கண்ணில் படலம் விழுந்தது. ஒரு நாள் கிளினிக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளும் வாசிக்க முடியாமல், நானும் வாசிக்க முடியாமல், இரண்டு பேரும் வராந்தாவில் நின்றோம். முப்பது வருடம் அவள் வாசித்துத் தந்ததால் எனக்கு அந்தக் கஷ்டமான வேலையைத் தொட வேண்டி வரவில்லை, உன் பக்டீரியா மாதிரி. அவள் கண் மங்கியதும் எனக்குள் யாரோ பிடித்திருந்த கையை விட்டுவிட்டான். கொட்டாஞ்சேனையில் படித்தால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று, பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போய்ப் படித்தேன். முழங்கால் நோவுக்குக் கடற்கரையில் நடக்கப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னது அதைத்தான். ஓய்வு பெற்ற தட்டெழுத்தாளர் ஒருவர், பரமேஸ்வரி என்று பெயர், தன் தொடர்மாடிப் பிளட்டின் முன்னறையில் எங்கள் ஐந்து பேருக்குச் சொல்லித் தந்தார். "லவும் ளவும் உங்களுக்குப் புருசன் பொஞ்சாதி மாதிரிக் கலந்து போகுது அண்ணை, கொஞ்சம் விலத்தி வையுங்கோ" என்று கிழமைக்கு ஒரு தடவையாவது சொல்வார். மகன், முதல் முதல் பஸ்ஸின் நெற்றியில் கொட்டாஞ்சேனை என்று வாசித்த அன்று நான் அந்த பஸ்ஸில் ஏறவில்லை. அடுத்ததையும் வாசிக்க வேண்டும் என்று நின்றேன். மூன்று பஸ்ஸை விட்டேன். அதன் பிறகு தீப்பெட்டி, சவர்க்காரப் பேப்பர், மீன்காரனின் பலகை, சேமக்காலையில் கல்லறைகள், எதையும் விடவில்லை.

கிழித்த அந்தக் கடிதத்தின் மூன்றாவது பக்கத்தை முடித்த அன்று, போன புதன்கிழமை, குசினித் தட்டுகளில் இருந்ததை எல்லாம் வாசித்துக்கொண்டு போனேன். வெறுமையான அந்த இரண்டு பெரிய போத்தல்களையும் ஓய்வு எடுத்தபோது கேட்டு வாங்கி வந்தேனே, உன் அம்மா சீனியும் தவிட்டரிசியும் போட்டு வைத்திருக்கிறாள். சீனிப் போத்தலில் என் நூல் இன்னும் இருந்தது. அதைத் திருப்பினேன். நீ எனக்காக எழுதியதை எழுத்து எழுத்தாகச் சந்தோசமாக வாசித்தேன். அ, மோ, னி, யா. பிறகு இ. பிறகு ல்லா. இல்லாதது. நூல் கட்டிய போத்தலில் இல்லாதது. அரிசிப் போத்தலை எடுத்து வாசித்தேன். அதில் உள்ளது. எனக்கு லவும் ளவும் கலந்துவிட்டது என்று நினைத்து, என் எழுத்துக் கொப்பியை எடுத்து வைத்துப் பார்த்தேன். கலக்கவில்லை. உன் அம்மா நூலைக் கழற்றிக் கட்டவில்லை என்று சத்தியம் செய்தாள். முடிச்சும் என்னுடைய முடிச்சுத்தான்.

அதன் பிறகு நான் உன் முகத்தை நேரே பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் குளிருக்குக் கோட்டு வாங்க வெள்ளவத்தைக்குப் போனோம். கண்ணாடிக்கு முன்னால் நீ கோட்டைப் போட்டுப் பார்த்தாய். கடைக்காரர் சிங்களத்தில், இந்தக் கோட்டோடு பேராசிரியர் மாதிரி இருக்கிறார் மகன் என்று என்னிடம் சொன்னார். அப்போது சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"ஏழாம் நம்பரைத் திரும்ப ஒருக்காப் போட்டுப் பார்க்கிறதெண்டா எத்தனை நாள் போகும்?"

"மூணு நாள். ஏன் அப்பா, இப்ப போய்ச் சந்தேகமா? நீங்க ஊத்தினது பிழையாப் போகுமா?" என்று சிரித்தாய். பிறகு பொத்தானைப் பூட்டிக்கொண்டே, "அங்க நான் பேசி முடிக்கிறப்ப திரையில காட்டுற கடைசிப் படத்துல உங்கட பேரையும் போட்டிருக்கேன். ஏழாம் நம்பரை உயிரோட காப்பாத்தினவர் எண்டு" என்றாய்.

கடைக்காரர் நல்ல நேரத்தில் பையைக் கொண்டுவந்தார். பஸ்ஸில் முழுக்க நீ குளிரைப் பற்றியே கதைத்தாய். நான் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோழியைக் கழுவிக்கொண்டு நின்றாள். பூச்சிக்கு ஆர் எந்தத் தண்ணியை ஊத்தினா என்ன, பிள்ளை போகட்டும், போய் அங்கே பார்த்துக்கொள்ளுவான் என்றாள். அங்கே பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அங்கே நல்ல மருந்து இருக்கும், புதிதாகக் கரைப்பார்கள், ஏழைப் போடுவார்கள், கோடு எழும்பாது. அப்போது கொழும்பில் இருந்து வந்த பெடியன் பொய்க் கணக்குக் காட்டி உள்ளே வந்துவிட்டான் என்றுதான் சொல்வார்கள், ஒரு நூல் மாறியது என்று சொல்ல அங்கே ஆர் இருக்கிறார்கள் என்றேன். அவள் குழாயை மூடினாள்.

"இவ்வளவு வருசமா உங்கட மானத்தை நான் மூடி வச்சிருக்கேன். பிள்ளை போற கிழமையாப் பார்த்து நீங்களே திறக்கப் போறீங்களா?"

"ஓம்."

"அவன் உங்களோட கதைக்காம போனா?"

கையைத் துடைத்துவிட்டு அவளே, செவ்வாய்க்கிழமை விடியவே நான் கொச்சிக்கடைக்கு அந்தோனியார் கோயிலுக்குப் போயிடுவேன், அந்த நேரத்தில் குடுங்க, என்னால் அவன் முகத்தைப் பார்க்க ஏலாது என்றாள். கோழிக் கறியில் அன்று உப்பு இருக்கவில்லை. நீ அப்படியே சாப்பிட்டாய்.

கடிதம் எழுதும் அப்பாமார் புத்தி சொல்ல வேண்டும். எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். நாளைக்கு உனக்குக் கீழும் ஆட்கள் வேலை செய்வார்கள். நீ சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுகிறவனை நம்பாதே. திருப்பிச் சொல்லச் சொல். போத்தலை அவன் கையில் கொடுத்து, இது எது என்று கேள். அவன் கண்ணாடியைத் தேடினால், மற்றவர்களுக்கு முன்னால் வைத்துக் கேட்காமல், தனியே கூப்பிட்டுக் கேள். என்னிடம் ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன், இரண்டு நாள் கதைத்திருக்க மாட்டேன், பிறகு படித்திருப்பேன். இன்னொன்று. ஏழு பொய் என்றால், அது பொய் என்று முதலில் சொல்கிற ஆள் நீயாக இரு. மேடத்துக்கும் நீயே சொல், வெளிநாட்டுக்கும் நீயே எழுது. என் பெயரை மறைக்காதே. மற்றப் பதினொன்றும் கையைப் பிடிக்கிறது, ஏழும் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்வதும் ஒன்றைத் தெரிந்துகொள்வதுதானே. அதற்காக அவர்கள் உன்னை வர வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் அதையும் சேர்ந்து தாங்குவோம். ஏழு உண்மையிலேயே கை விட்டதாக இருக்கவும் கூடும். மூடிய குடுவைக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. சோதித்தால்தான் தெரியும்.

நேற்று நீ குளிக்கும்போது உன் மேசையைப் பார்த்தேன், மன்னித்துக்கொள். ஆய்வுகூடத்துக்கு மருந்து வந்த பெட்டியின் துண்டை வாசித்தேன். இங்கிலிஷில் இருந்தது, ஆனால் நம்பரும் திகதியும் விளங்கின. போன மாதம் வந்திருக்கிறது. ஆகவே இப்போது கரைக்கலாம். ஏழாம் நம்பர் குளிர்ப்பெட்டியில் இருக்கிறது என்று நீயே சொன்னாய். இன்றைக்குப் போட்டால் வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும்.

இப்போது செவ்வாய்க்கிழமை, மணி ஆறே கால். உன் அம்மா போய்விட்டாள். உன் அறையில் கட்டில் சத்தம் கேட்கிறது, எழும்பிவிட்டாய். இதற்கு மேல் எழுத நேரம் இல்லை, பிழைகளைத் திருத்தவும் நேரம் இல்லை, லவையும் ளவையும் நீயே பார்த்து வாசித்துக்கொள். நான் சேட்டு மாற்றிவிட்டேன், சப்பாத்தும் போட்டுவிட்டேன். திட்டுவது என்றால் பஸ்ஸில் வைத்துத் திட்டு, மகன். எட்டு மணிக்கு முன் ஆய்வுகூடத்துக்குள் போனால்தான் மூன்று நாளும் முழுதாகக் கிடைக்கும்.

அப்பா